இரண்டாம் மதிப்பாய்வாளர்

ஜூன் 9

காலையில் மோட்டார் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் ஞானதுரை மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஆனாலும் வீட்டு மோட்டாரைத் தொட மாட்டார். ஆள் வந்து பார்ப்பதற்குள் மணி பதினொன்று. அதுவரை குளிக்காமல், நான் நடத்தும் தத்துவ ஆய்விதழ் 'பல்வழி'யின் பதினோராவது இதழுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

ஜுலைகா போன் செய்தாள். என்னிடம் எம்.ஏ. படித்தவள். இப்போது மேலப்பாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் வேறொரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறாள். பல்வழிக்குத் துணையாசிரியர். இணையதளம் முழுக்க அவள் பொறுப்பு. அடுத்த இதழுக்குப் பதினான்கு கட்டுரைகள் வந்திருக்கின்றனவாம்.

"மேடம், தென்காசிலேர்ந்து ஒண்ணு வந்திருக்கு. எழுதினவங்க நர்ஸாம். வாசிச்சு முடிச்சுட்டு அப்பிடியே உக்காந்திருந்தேன்" என்றாள்.

இதற்காகத்தானே தொடங்கினோம். பெரிய ஆய்விதழ்களை வாசிக்கச் சந்தா வேண்டும், எழுதப் பதவி வேண்டும். பல்வழியில் இரண்டும் வேண்டாம். யாரும் வாசிக்கலாம், யாரும் அனுப்பலாம். எழுதியவர் பெயரை மறைத்து, விஷயம் தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவோம். அவர்கள் மதிப்பாய்வை வைத்துத்தான் முடிவு. ஆறு வருடங்களாக இப்படித்தான். இணையதளத்தின் முகப்பில் நான் எழுதிய வாக்கியம் இன்னும் இருக்கிறது: 'எங்களோடு உடன்படாத கட்டுரைகளைக் கூடுதல் கவனத்தோடு வாசிப்போம்.'

ஜூன் 11

தென்காசிக் கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் ஆவுடைச்செல்வி. அரசு மருத்துவமனையில் பன்னிரண்டு வருடமாகச் செவிலியர். தபால் வழியில் தத்துவம் எம்.ஏ. முடித்து, இப்போது பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார். கட்டுரையின் தலைப்பு 'இரக்கம் இல்லாத கவனிப்பு'.

வார்டில் இரண்டு செவிலியர்கள். ஒருவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அழுகிற நேரத்தில் டிரிப்ஸ் தீர்ந்து போனதைக் கவனிக்க மாட்டார். இன்னொருவர் யாரிடமும் சிரிக்க மாட்டார். ஆனால் அசைய முடியாத ஒரு பெரியவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பார். நாற்பது நாளில் அந்த முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. 'எனக்கு முடியாமல் போனால் இரண்டாமவரின் வார்டில்தான் சேருவேன்' என்று எழுதுகிறார். இரக்கப்படுகிறவர் தன் மனதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கவனிக்கிறவர் நோயாளியைப் பார்க்கிறார் என்பது வாதம். அறம் இரக்கத்தில் தொடங்குகிறது என்று எழுதுபவர்கள் ஒரு படுக்கையையும் மாற்றியதில்லை என்று முடிக்கிறார்.

அது என்னைச் சொல்வது. தபால்வழிப் பாடநூலின் நான்காம் பாடம், 'இரக்கமே அறத்தின் வாசல்', நான் எழுதியது. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் படிக்கிறார்கள். ஏழு இடத்தில் பக்க எண்ணோடு மேற்கோள் காட்டியிருக்கிறார். மரியாதைக் குறைவாக ஒரு சொல் கிடையாது.

நல்ல நடை. முடிவு அவசரமானது. எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

ஜுலைகா கேட்டாள்: "உங்க பாடத்தைப் பத்தில்லா மேடம் இது. நீங்க ஒதுங்கிக்கிடுங்க, இத மட்டும் நான் பாத்துக்கிடுதேன்."

"நான் என்ன சின்னப்பிள்ளையா? என்னை மறுத்து ஒருத்தி எழுதினா நான் சந்தோஷப்படணும்" என்றேன்.

மதியம் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 12

மறுபடி வாசித்தேன்.

ஜூலை 4

பதினோராவது இதழ் வெளிவந்தது. இரண்டு பேர் பாராட்டி எழுதினார்கள். ஒருவர் எழுத்துரு சின்னதாக இருக்கிறது என்றார். கண் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தோம். எனக்கு இடது கண்ணில் புரை ஆரம்பமாம்.

தென்காசிக் கட்டுரை மதிப்பாய்வுக்காகப் புதுச்சேரிக்கும் தஞ்சாவூருக்கும் போயிருக்கிறது.

ஜூலை 21

புதுச்சேரி கலியமூர்த்தி சாரிடமிருந்து முதல் மதிப்பாய்வு. நாற்பது வருடம் அறவியல் நடத்தியவர், எளிதில் யாரையும் புகழ மாட்டார். 'அப்படியே வெளியிடுங்கள். இப்படி ஒரு கட்டுரை வாசித்து நாளாயிற்று' என்று மட்டும் எழுதியிருக்கிறார். நான்கே வரி. இவ்வளவு சின்ன மதிப்பாய்வு எழுதுவது பொறுப்பில்லாத வேலை.

தஞ்சாவூர்க்காரர் தாயாருக்கு உடல்நலமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். கோயம்புத்தூருக்கு எழுதியிருக்கிறேன்.

ஜூலை 30

கோயம்புத்தூர் பதில் இல்லை. மறுபடி நினைவூட்டவில்லை.

ஆகஸ்ட் 6

தென்காசிக் கட்டுரைக்கு இரண்டாம் மதிப்பாய்வு சேர்ந்தது. இரண்டரைப் பக்கம். ஐந்து ஆட்சேபங்கள். இப்போதைக்கு ஏற்க முடியாது, அடியோடு திருத்தி அனுப்பினால் பார்க்கலாம் என்பது பரிந்துரை. கொஞ்சம் கடுமைதான். ஆனால் நியாயமான கேள்விகள். மதிப்பாய்வுகள் முரண்படும்போது ஆசிரியர் முடிவெடுக்கலாம் என்று விதி இருக்கிறது. கடுமையான பக்கம் நின்றேன். இன்றே ஆவுடைச்செல்விக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளாக உட்கார்ந்தே இருந்ததில் தோள்பட்டை வலிக்கிறது. ஞானதுரை தைலம் தேய்த்துவிட்டார்.

ஆகஸ்ட் 7

ஜுலைகா போன். "ரெண்டாவது மதிப்பாய்வு யாரு மேடம் எழுதினது? உங்க கணக்குலேர்ந்து ஏறியிருக்கு."

"மெயில்ல அனுப்பினாங்க. நான்தான் ஏத்தினேன். பேரு எங்கயும் வர வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க."

"சரி மேடம். நல்லா உக்காந்து படிச்சிருக்காங்க. ஆனா நாலாவது பாயிண்ட்டு... அத எடுத்திருக்கலாமோ?"

"அடுத்தவங்க எழுதினத நாம வெட்டக்கூடாது ஜுலைகா."

ஆகஸ்ட் 26

கலியமூர்த்தி சார் கூப்பிட்டார். கட்டுரை எப்போது வருகிறது என்று கேட்டார். இன்னொருவர் ஏற்கவில்லை என்றேன். "அப்படியா? யாரு அவரு? நான் பேசிப் பாக்கறேனே, ஒரு நல்ல சண்டை போடலாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு ரேஷன் கடைக்குப் போனேன். கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

செப்டம்பர் 18

ஆவுடைச்செல்வியின் மின்னஞ்சல். மதிப்பாய்வுகளுக்கு நன்றி, திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று தொடங்குகிறது. முனைவர் பட்டத்துக்கு நவம்பர் முப்பதுக்குள் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டுமாம். இல்லையென்றால் பதிவு காலாவதியாகும். அதற்குள் முடியுமா, இல்லையென்றால் கட்டுரை பரிசீலனையில் இருப்பதாக ஒரு கடிதமாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: 'இரண்டாம் மதிப்பாய்வாளர் மருத்துவத் துறையில் இருப்பவரா என்று அறிய ஆசை. சொல்லக் கூடாதென்றால் வேண்டாம்.'

நாளை பதில் எழுத வேண்டும்.

செப்டம்பர் 29

புழுக்கம். கொல்லையில் முருங்கை முறிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் விழுந்துவிட்டது. நாள் முழுக்க அந்த வேலை.

அக்டோபர் 14

திருநெல்வேலியில் ஒரு கருத்தரங்கு. 'அறிவுலகில் பன்முகக் குரல்கள்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. முகப்பு வாக்கியத்தைச் சொல்லித்தான் முடித்தேன். கைதட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் வந்து, சித்தாள் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் தத்துவம் படிக்கிறாளாம், "உங்க இதழுக்கு எங்கள மாரி ஆளு எழுதினா நெசமாவே படிப்பீங்களாம்மா?" என்று கேட்டாள். படிப்போம் என்றேன். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து செப்டம்பர் மின்னஞ்சலைத் திறந்தேன். பதில் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள' என்பதற்கு மேல் போகவில்லை.

நவம்பர் 22

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்கு அழைப்பு மணி. ஞானதுரை போய்த் திறந்தார். "தென்காசிலேர்ந்து வந்திருக்காங்க, உன்னப் பாக்கணுமாம்" என்றார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை கழுவாமலே போய் நின்றேன்.

முப்பத்தைந்து வயது இருக்கும். நெடுநெடுவென்று உயரம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. நாற்காலியின் நுனியில் உட்காராமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அது எனக்குப் பிடித்தது.

"நேர்ல வரக்கூடாதுன்னு தெரியும் மேடம். மெயிலுக்குப் பதில் வரலயா, அதான். நான் கட்டுரைய முழுசும் திருத்திட்டேன். இந்தாங்க."

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். கண், முருங்கை மரம், கருத்தரங்கு என்று ஏதேதோ சொன்னேன்.

"பரவால்ல மேடம். இன்னும் எட்டு நாள்தான் இருக்கு, போனாப் போகுது. நான் அதுக்கு வரல." தாள்களைப் புரட்டினார். "அந்த ரெண்டாவது ஆளு அஞ்சு கேள்வி கேட்டிருந்தாங்கள்லா. நாலுக்குப் பதில் எழுதிட்டேன். நாலாவதுக்கு மட்டும் எழுத வரல."

பிறகு தாளைப் பார்க்காமலே சொன்னார். மனப்பாடமாக:

"'இக்கட்டுரையாளர் ஒரு நோயாளியின் அருகில் மனிதராக நின்றதில்லை என்றே தோன்றுகிறது. இப்படி நினைப்பவர் நோயாளிகளிடமிருந்து விலகி இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.'"

சமையலறையில் ஞானதுரை டீக்குப் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"எழுதினது நர்ஸுன்னு அவங்களுக்குத் தெரியாது. பேரு மறைச்சுத்தான அனுப்புதீங்க. அப்போ எழுத்த வச்சே அப்பிடித் தோணியிருக்கு. அதான் மேடம் எனக்கு. யோசிச்சுப் பாத்தேன். பன்னெண்டு வருஷத்துல வார்டுல நான் ஒரு தரம்கூட அழுததில்ல. செத்தவங்களுக்குத் துணி சுத்தும்போதுகூட. அப்போ சரியாத்தானே சொல்லியிருக்காங்கன்னு..." நிறுத்தினார். "மேட்ரன் அம்மாட்ட கேட்டு ஸ்டோருக்கு மாறிட்டேன். செப்டம்பர் கடைசிலேர்ந்து பஞ்சு, ஊசி, கையுறை எண்ணிக் கொடுக்கேன்."

"அதுக்காக வேலைய மாத்துவாங்களா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"சந்தேகத்தோட பேஷண்ட்டத் தொடக்கூடாதுல்லா மேடம்."

பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். ஒட்டியிருந்தது. மேலே 'இரண்டாம் மதிப்பாய்வாளர் அவர்களுக்கு' என்று எழுதியிருந்தது.

"யாருன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். இத மட்டும் அனுப்பிருவீங்களா?"

அனுப்புகிறேன் என்றேன். டீயைக் குடித்து, டம்ளரைத் தானே கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

கவரைப் பிரித்தேன். எனக்கு வந்த கடிதம்தானே. ஒரே வரி: 'நோயாளியின் அருகில் மனிதராக நிற்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால் கற்றுக்கொள்வேன்.'

அந்த மதிப்பாய்வை எழுதியது நான். ஆகஸ்ட் நான்கு, ஐந்து, இரண்டு நாளும் உட்கார்ந்து எழுதினேன். இந்த நோட்டில்கூட 'சேர்ந்தது' என்று எழுதி வைத்திருக்கிறேன், யாரோ வாசலில் கொண்டுவந்து போட்ட மாதிரி.

நவம்பர் 23

ஞாயிறு. ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

சத்தமில்லாமல் சரிசெய்ய வழி இருக்கிறது. திருத்திய கட்டுரையை இன்றே ஏற்று, முப்பதுக்குள் இணையத்தில் ஏற்றிவிடலாம். இரண்டாம் மதிப்பாய்வாளர் தன் நாலாவது கருத்தைத் திரும்பப் பெறுகிறார் என்று ஒரு கடிதம் எழுதலாம். ஆவுடைச்செல்வி வார்டுக்குத் திரும்பிவிடுவார், பதிவும் தப்பிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

கடிதத்தை எழுதியும்விட்டேன். 'தங்கள் கேள்வி என்னை நெகிழச் செய்தது' என்று ஆரம்பம். இல்லாத ஆளின் குரல் எனக்கு இவ்வளவு சரளமாக வந்ததைப் பார்த்துப் பயமாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

ஞானதுரை ஜெபம் முடிந்து வந்ததும் சொன்னேன். எல்லாவற்றையும். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ள எழுதினதுல உன்ன என்ன சுட்டுச்சு? பாடத்தத் தப்புன்னு சொன்னதா?"

"ஆமா."

"அத்தைக்குக் கடைசில முதுகெல்லாம் புண்ணு வந்துச்சே. நீ பக்கத்துலயே உக்காந்து அழுதுக்கிட்டு இருந்த. பொரட்டிப் போட ஆளு வைக்கணும்னு நாலு வாட்டி சொன்னேன். அந்த வருசந்தான் அந்தப் பாடத்த எழுதின."

அவர் எழுந்தார். போய்க் கோழியை அலசிக் கொடுத்தார்.

அம்மாவைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 24

ஜுலைகாவை வீட்டுக்கு வரச் சொன்னேன். கல்லூரி முடிந்து நேராக வந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்ட்ட மெயில்ல வந்துச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் அத நம்பி பதிவேட்டுல எழுதி வச்சிருக்கேன் மேடம். 'வெளி மதிப்பாய்வாளர், பெயர் வெளியிட விருப்பமில்லை.' என் பேரப் போட்டு எழுதியிருக்கேன். அன்னைக்கே கேட்டேன்லா, நான் பாத்துக்கிடுதேன்னு?"

"கேட்ட."

"நாலாவது பாயிண்ட்ட எடுங்கன்னும் சொன்னேன்."

"சொன்ன."

அழுதாள். என் மாணவி எனக்கு முன்னால் அழுவது இதுதான் முதல் தடவை. தட்டிக்கொடுக்கக் கை எழுந்தது; அடக்கிக்கொண்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவங்களுக்கு யாரு சொல்லுவா? நீங்கதான் சொல்லணும். போன்ல வேண்டாம்" என்றாள்.

இதழின் ஆசிரியர் பொறுப்பை அவளிடமே கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. மறுக்கவில்லை.

நவம்பர் 26

தென்காசி. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆலங்குளம் தாண்டியதும் மழை. தனியாகத்தான் போனேன், ஞானதுரை வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

ஸ்டோர் மருத்துவமனையின் பின்பக்கத்தில், கீழ்த்தளத்தில். ஆவுடைச்செல்வி மேசையில் கையுறைப் பெட்டிகளை அடுக்கி எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "பதில் கொண்டு வந்திருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன்: "ரெண்டாவது ஆளுன்னு யாரும் இல்லம்மா. அத நான்தான் எழுதினேன்."

அவர் பேனா மூடியைத் தேடி எடுத்து மூடினார். உட்காரச் சொன்னார்.

மதிப்பாய்வாளர் கிடைக்கவில்லை, நாள் போய்க்கொண்டிருந்தது, அதனால் நானே எழுதும்படி ஆகிவிட்டது என்று விளக்கினேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்றேன். கட்டுரையை உடனே ஏற்கிறோம், ஜுலைகா நாளையே ஏற்றிவிடுவாள், முப்பதாம் தேதிக்குள் உங்கள் கையில் சான்று இருக்கும் என்றேன். மூச்சுவிடாமல் பேசினேன்.

"வேண்டாம்" என்றார்.

"பதிவு போயிரும்லாம்மா?"

"போகட்டும். அடுத்த ஜூலைல மறுபடி பதியுதேன். நீங்க இரக்கப்பட்டுப் போட வேண்டாம் மேடம். முறையா இன்னொரு ஆளுக்கு அனுப்புங்க. அவங்க சரின்னா போடுங்க, இல்லன்னா விடுங்க." கொஞ்சம் யோசித்தார். "திருத்தினத அனுப்பாதீங்க. மொதல்ல அனுப்பினேன்லா, அத அனுப்புங்க. திருத்தினதுல நான் பயந்து பயந்து எழுதியிருக்கேன்."

வாசலில் ஒரு வார்டுபாய் வந்து பஞ்சு கேட்டார். இரண்டு கட்டு எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த வரிய எழுதும்போது, நான் நர்ஸுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அத நான் அப்ப கவனிக்கலம்மா" என்றேன்.

சரி என்று தலையசைத்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஆட்டோவை அவர்தான் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்.

நவம்பர் 27

கவனித்தேன். அவர் யார், என்ன வேலை, எத்தனை வருடம் என்று ஜூன் பதினொன்றிலேயே இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 3

தாமதம் முழுக்க என்னால் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. விதியில் இடமில்லை. பதிவு காலாவதி. நாலு வரியில் முடித்துவிட்டார்கள்.

ஜுலைகா கட்டுரையின் முதல் வடிவத்தைப் புதிதாக ஒருவருக்கு அனுப்பியிருக்கிறாள். யார் என்று எனக்குச் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

டிசம்பர் 16

நடந்ததை இதழிலேயே அறிக்கையாக வெளியிட வேண்டும் என்று ஜுலைகா சொல்லிவிட்டாள். எழுதி அனுப்பினேன். 'தகுந்த மதிப்பாய்வாளர் கிடைக்காத சூழலில், ஆசிரியரே மதிப்பாய்வு செய்ய நேர்ந்தது வருந்தத்தக்கது.'

அரை மணி நேரத்தில் போன் வந்தது. "மேடம், இது லீவ் லெட்டர் மாரி இருக்கு."

"என்ன எழுதணும்ங்கிற?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? உங்களுக்குத்தான தெரியும்."

முன்பெல்லாம் இப்படிப் பேச மாட்டாள்.

டிசம்பர் 25

பண்டிகை. தங்கச்சி வீட்டிலிருந்து எல்லாரும் வந்தார்கள். அதிரசம் உதிர்ந்துவிட்டது. 'இதழ் எப்படிப் போகுதுக்கா?' என்று தங்கச்சி கேட்டபோது ஞானதுரை என் முகத்தைப் பார்த்தார். நல்லாப் போகுது, வேற ஆளு பாக்காங்க என்றேன்.

ஜனவரி 5

புதிய மதிப்பாய்வு வந்துவிட்டதாம். கட்டுரை ஏற்கப்பட்டது. இரண்டு சின்னத் திருத்தங்கள் மட்டும். ஜுலைகா ஒரு வரியில் தெரிவித்தாள்.

அறிக்கையை ஆறாம் முறையாக எழுதினேன். இதுதான்:

'ஆவுடைச்செல்வியின் கட்டுரைக்கு அனுப்பப்பட்ட இரண்டாம் மதிப்பாய்வை எழுதியவர் வெளியாள் அல்லர். அப்போது ஆசிரியராக இருந்த நான் எழுதினேன். வேறு ஆள் கிடைக்காததால் எழுதவில்லை. தேடுவதை நானே நிறுத்தினேன். அவர் கட்டுரை என் பாடத்தை மறுத்தது. மறுப்பு சரி என்று முதல் வாசிப்பிலேயே எனக்குத் தெரிந்தது. அவர் செவிலியர் என்பதும் தெரியும். நோயாளிகளிடமிருந்து அவர் விலகி இருக்க வேண்டும் என்ற வரியை ஒருமுறை எழுதி அழித்தேன். பிறகு, அவருக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்து, மறுபடி எழுதினேன். அவர் கேட்டபோது கவனிக்கவில்லை என்று பொய் சொன்னேன். துணையாசிரியர் ஜுலைகாவிடமும் பொய் சொன்னேன். பதிவேட்டில் உள்ள தவறுக்கு நானே பொறுப்பு. ஆவுடைச்செல்வி இதனால் ஓர் ஆய்வு ஆண்டை இழந்தார், தன் வார்டையும் இழந்தார். — சுகிர்தா.'

ஜுலைகா வாசித்துவிட்டுக் கூப்பிட்டாள். "வலிக்க வேண்டும்னு நினைத்து... இந்த வரி வேணுமா மேடம்? இது இல்லாமலே போதும்."

"வேணும்."

"எல்லாரும் வாசிப்பாங்க. யாரு வேணா வாசிக்கலாம், தெரியும்லா?"

"தெரியும். அப்படித்தான ஆரம்பிச்சோம்."

பிறகு, "கண் ஆபரேஷன் என்னைக்கு?" என்று கேட்டாள். பதினேழு என்றேன். "நான் வாரேன், சார் தனியா அலைய வேண்டாம்" என்றாள்.

ஜனவரி 12

பன்னிரண்டாவது இதழ் வந்தது. முதல் கட்டுரை 'இரக்கம் இல்லாத கவனிப்பு'. அதன் கீழே என் அறிக்கை. மாலைக்குள் முந்நூறு பேர் வாசித்திருக்கிறார்கள். பழைய மாணவர் ஒருவர் 'உங்களிடம் படித்ததைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். கலியமூர்த்தி சார் கூப்பிடவில்லை. தபால்வழிப் பாடநூலில் நான்காம் பாடத்தை எடுத்துவிட்டு இந்தக் கட்டுரையை வைக்கலாம் என்று பாடத்திட்டக் குழுவுக்கு எழுதினேன்.

ஜனவரி 20

கண் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். கொஞ்சம் கூசுகிறது. பெரிய எழுத்தில் வைத்து மின்னஞ்சல்களைப் பார்த்தேன். ஆவுடைச்செல்வியிடமிருந்து ஒன்று, ஆறு நாள் முன்பே வந்திருக்கிறது.

'மேடம், அறிக்கையை வாசித்தேன். தென்காசியில் நீங்கள் சொன்ன பதிலை நம்பித்தான் இத்தனை நாளும் ஸ்டோரில் இருந்தேன். நான் யார் என்று தெரியாமல், எழுத்தை மட்டும் பார்த்து ஒருவருக்கு அப்படித் தோன்றியிருந்தால், குறை என்னிடம் இருக்க வேண்டும். தெரிந்தே எழுதியிருந்தால் அந்த வரியை நான் யோசிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அன்று கேட்டேன். மேட்ரனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் ஆண்கள் வார்டு. மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வராததை எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.'

நேற்று திங்கட்கிழமை. இந்நேரம் அவர் யாரையாவது புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருப்பார்.

பதில் எழுதவில்லை. அவர் எதுவும் கேட்கவில்லை.